இரண்டு தண்ணீர்

பீட்ரூட்டின் கறை தகட்டுத் தட்டின் மூலைகளில்தான் அதிகம் பிடித்திருந்தது. மிக்தாலியா இரும்பு நாரை அழுத்தி வட்டமாகத் தேய்த்தாள், பின் குறுக்காக, மறுபடியும் வட்டமாக. கறையின் நிறம் வெளிறியதே தவிர அது போகவில்லை. பத்து மணிக்கு அப்பாவின் சவப்பெட்டி வந்துவிடும். அதற்குள் இந்தத் தட்டும், சிப்ஸ் சீவும் கட்டையும், 'சோடியம் இல்லாத உப்பு' என்று எழுதியிருந்த அந்த வெள்ளை டப்பாவும் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள். யாருடைய கண்ணில் என்பதை மட்டும் அவள் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மிக்தா, என்னடி அது கரகரன்னு?"

"பாத்திரம் கழுவுறேம்மா."

"சாவு வீட்ல எவளாவது பாத்திரத்த இப்படிச் சுரண்டுவாளா? பக்கத்து வீட்டு லூஸ் செலேனியா வந்து பாத்துக்குவா. விட்டுட்டு வா."

அம்மா ஹெனரோசா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கண்புரை அறுவை முடிந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, அடுப்பு அனலில் நிற்கக் கூடாது என்பது கண் மருத்துவரின் கட்டளை. அந்த நான்கு வாரமும் சமையலறை மிக்தாலியாவின் கைக்கு வந்திருந்தது.

அவள் டப்பாவைக் குப்பைப் பையின் அடியில் வைத்து, மேலே காலைக் காப்பியின் சக்கையைக் கொட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் அப்பா பால்கனி நாற்காலியிலிருந்து எழுந்தவர், தன் கால்கள் தன்னுடையவைதாமா என்று சந்தேகப்பட்டவரைப்போல் குனிந்து அவற்றைப் பார்த்தார். திரும்ப உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். தீவின் கோடியில் இருந்த மாவ்னாபோவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மலைச் சுரங்கப்பாதையைத் தாண்டிப் போக வேண்டும், ஆம்புலன்ஸ் தாமதிக்கவில்லை, ஆனால் அவருடைய இதயம் அதற்கு முன்பே தாளம் தப்பியிருந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் மிக்தாலியாவைத் தனியே அழைத்தார்.

"டயாலிசிஸ்ல இருந்தவர்தானே? ரத்தத்துல பொட்டாசியம் எட்டத் தாண்டியிருக்கு. வீட்ல என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

"காய்கறிதான் டாக்டர். எண்ணெய்கூட இல்லாம, ஓவன்ல சுட்டு."

"என்னென்ன காய்கறி?"

சர்க்கரைவள்ளி, மரவள்ளி, பூசணி, பீட்ரூட், வாழைக்காய் என்று அவள் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டிருந்த அவருடைய பேனா நின்றுவிட்டது.

"உப்பு?"

"சாதா உப்பு சேக்கவே இல்ல. கடையில கேட்டு, சோடியம் இல்லாத உப்பு வாங்கினேன்."

அவர் பேனாவை மூடினார். "அது பொட்டாசியம்தாங்க," என்றார். சொன்ன குரலில் கடுமையே இல்லை. கடுமையாகச் சொல்லியிருந்தால் அவள் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

அம்மா அப்போது தாழ்வாரத்தின் மறுகோடியில், ஒற்றைக் கண் பார்வையோடு, கையால் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. பிறகு அதே மருத்துவர் அவளிடம் வந்து, உடம்பில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்பதை மட்டும் சொன்னார். மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் கருணையின் விலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

*

கசிமீரோ லெப்ரோன் முப்பத்தோரு வருடம் நகராட்சியின் குப்பை லாரி ஓட்டியவர். பேச்சில் சிக்கனம், பாராட்டில் அதைவிடச் சிக்கனம். மிக்தாலியா ஓர்லாண்டோவில் இருந்த பதினெட்டு வருடமும், அவள் தொலைபேசியில் கூப்பிட்டால் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "இரு, உங்கம்மாகிட்டக் குடுக்கறேன்." மணவாழ்க்கை முறிந்து, நாற்பத்து நான்கு வயதில் இரண்டு பெட்டிகளுடன் அவள் பிப்ரவரியில் வந்து இறங்கியபோதும், "கதவு இடிக்கும், பாத்துத் தூக்கு" என்றதோடு சரி.

சமையலறை அவள் கைக்கு வந்த முதல் நாளே அம்மா சொல்லியிருந்தாள்: "கிழங்கு எதுவானாலும் ரெண்டு தண்ணியில வேக வை. நறுக்கி ஊறப் போடு, அந்தத் தண்ணிய ஊத்திடு. வேக வை, அந்தத் தண்ணியையும் ஊத்திடு. அப்புறம் புதுத் தண்ணி."

"ஏம்மா?"

"அப்படித்தான். சொன்னதச் செய்."

அந்தத் தீவில் இரண்டு தண்ணீர் என்பது உப்புக் கருவாட்டுக்கு உரிய முறை. காட் மீன் கருவாட்டை ஊறவைத்து உப்பை இறக்காமல் யாரும் சமைப்பதில்லை. கருவாட்டுக்குச் செய்து பழகிய கை கிழங்குக்கும் அதையே செய்கிறது என்று மிக்தாலியா நினைத்துக்கொண்டாள். அவள் பார்த்திருந்த காணொளிகளில் எல்லாம், வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் சத்து முழுதும் சாக்கடைக்குப் போகிறது என்றுதான் சொன்னார்கள். சத்தை ஒரு துளிகூட வெளியே விடாத முறை ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காயை மறுபக்கம் தெரியும்படி மெல்லிசாகச் சீவி, துணியில் ஒற்றி, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்கி, ஓவனில் குறைந்த சூட்டில் வைத்து, பாதியில் ஒவ்வொன்றையும் புரட்டிப் போட வேண்டும். ஓரம் சுருண்டு எழும்பும்போது எடுத்துவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தாலும் பீட்ரூட் கசந்துவிடும்.

முதல் நாள் அப்பா ஒரு சீவலை எடுத்துக் கடலின் பக்கமாக வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"இதுக்குள்ள அந்தப் பக்கம் போற படகு தெரியுதே."

"சாப்பிடுங்கப்பா. எண்ணெய் இல்ல, உப்பு இல்ல."

"அப்ப என்னதான் இருக்கு?" என்று கேட்டபடி வாயில் போட்டார். கடித்த சத்தம் பால்கனி முழுக்கக் கேட்டது. இன்னொன்று எடுத்தார். கிண்ணம் காலியானபோது, "உன் கைக்கு லாரி ஓட்ட வராது. சீவ வருது," என்றார்.

பதினெட்டு வருடத்தில், அவர் அவளுடைய கையைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான். அதன் பிறகு நாள் தவறாமல் மாலை நான்கு மணிக்குக் கிண்ணம் பால்கனிக்குப் போனது. கடற்காற்றின் ஈரத்தில் ஆறு மணிக்குள் சீவல்கள் துவண்டுவிடும். "இந்தா, இதுங்க சோம்பேறி ஆயிருச்சு. திரும்ப உள்ள அனுப்பு," என்று கிண்ணத்தை நீட்டுவார். அவள் மீண்டும் ஓவனில் வைத்து எடுப்பாள். அந்த இரண்டாவது நடைக்கு வெளியே அவர்களுக்குள் பெரிதாகப் பேச்சு ஏதும் நிகழ்ந்ததில்லை. அது போதும் என்று அவள் நினைத்திருந்தாள்.

*

பெட்டி பத்தரைக்கு வந்தது. இறுதிச் சடங்கு நிலையத்தார் முற்றத்தில் தார்ப்பாய்ப் பந்தல் கட்டி, மடக்கு நாற்காலிகளைக் கூடத்தைச் சுற்றிப் போட்டார்கள். பந்தலின் கீழே, கேட்காமலே, நான்கு கிழவர்கள் டொமினோ மேசையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கசிமீரோ போயிட்டான். இனிமே யாரடா நாம ஜெயிக்கிறது?"

"நீ எப்ப அவன ஜெயிச்சே? அவன் தூங்கறப்பவா?"

பக்கத்து வீட்டு லூஸ் செலேனியா, ஜெபமாலை சொல்லிக்கொடுப்பவள், அடுப்பைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்திருந்தாள். காப்பி, உப்பு பிஸ்கட், வெட்டிய பாலாடைக்கட்டி. மிக்தாலியாவின் வேலை தட்டு ஏந்துவது. வாசலிலிருந்து கூடத்தின் கோடிவரை அவள் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும், அம்மா வந்தவர்களிடம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தோம். ஒரு வாழப்பழம் குடேன்னாரு. உனக்கு ஆகாதே மனுசான்னேன். ஒரு கடி ஒண்ணும் பண்ணாதுன்னாரு. பாதி ஒடச்சுக் குடுத்தேன். மறுநாளு அந்தச் சத்து ஒடம்புல ஏறிருச்சுன்னு டாக்டரு சொல்றாரு."

"பாதிப் பழம் ஆளக் கொல்லுமா? சும்மா இரு, ஹெனரோசா."

"டயாலிசிஸ்காரருக்கு வாழப்பழம் விஷம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே குடுத்தேன்."

ஒவ்வொரு முறையும் கதை சற்றே கனத்தது. முதலில் அவர் கேட்டார், இவள் கொடுத்தாள். நான்காவது முறை, அவர் கேட்கும் முன்பே இவள் உரித்துவிட்டிருந்தாள். கேட்டவர்கள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள், அப்பால் நகர்ந்ததும், "அதான் பழந்தான்... எங்க மாமாவும் அப்படித்தான் போனாரு," என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்கள். மிக்தாலியாவின் காதில் எல்லாம் விழுந்தது. தட்டை ஏந்திக்கொண்டு நிற்பவளை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்று அடக்கம் முடியட்டும், நாளை அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று எண்ணினாள். ஒன்பது நாள் ஜெபம் முடியட்டும். அம்மாவின் கண் முழுதும் ஆறட்டும். தள்ளிப்போடுவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றும் கருணையின் உருவத்திலேயே வந்தன.

உச்சிப்பொழுதில் டோன் எஃப்ரயீன் வந்தார். அப்பாவுக்கு அடுத்த நாற்காலியில் நான்கு வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்பவர். முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்திருந்த கையைத் தொப்பியால் மூடிக்கொண்டு பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு மிக்தாலியா நீட்டிய காப்பியை மறுத்தார்.

"வேண்டாம் நேனா, மகளே. எங்களுக்குத் தண்ணி அளவுதான். நீதானே அந்தச் சிப்ஸ் போடற பொண்ணு?"

அவள் தட்டைப் பக்கத்து நாற்காலியின்மேல் வைத்தாள்.

"அவர் சொன்னாரா?"

"சொன்னானாவா? ஒரு நாள் பைக்குள்ள போட்டுக் கொண்டாந்துட்டான். எனக்கு நீட்டறான். யோவ், பீட்ரூட்டு நமக்கு ஆகாதுய்யா, கிழங்க ஊறப் போடாமத் தொடக்கூடாதுய்யா, டயாலிசிஸ் எடத்துல சாப்பாட்டுக் கணக்குச் சொல்ற அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னாளேன்னேன். எனக்கும் தெரியும், சத்தம் போடாதேங்கறான்."

"தெரியுமா?" என்றாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? போன வாரம் ரத்தத்துல ஏறியிருக்குன்னு நர்ஸ் திட்டினா. என்னய்யா தின்னேன்னு கேட்டா. எளநி குடிச்சேன்னு ஒரே போடாப் போட்டான். வெளிய வந்து நான் கேட்டேன், ஏன்டா, மககிட்டச் சொல்லித் தொலையேன்டான்னு." கிழவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கா, அதுல போயி நான் குத்தம் சொல்லவான்னு கேட்டான். கொறச்சுக்கறேன்னான். கொறச்சுக்கிட்டானா?"

அவர் அவளைக் குற்றம் சாட்டவில்லை. வெறும் விசாரிப்புதான் அது. கடைசி வாரத்தில் கிண்ணம் காலியாவதற்குச் சற்று நேரம் கூடுதலாக ஆனது அவளுக்கு நினைவு வந்தது. பீட்ரூட்டுக்குப் பதிலாக இரண்டு மடங்கு சர்க்கரைவள்ளி வைத்து, "இன்னும் கொஞ்சம் இருக்குப்பா" என்று அவளேதான் நீட்டியிருந்தாள்.

"இல்ல," என்றாள் மிக்தாலியா.

டோன் எஃப்ரயீன் தலையை ஆட்டிவிட்டு, டொமினோ மேசையின் பக்கம் போனார்.

*

அம்மா முகம் கழுவ உள்ளே வந்தபோது, மிக்தாலியா சமையலறைக் கதவைச் சாத்தினாள். லூஸ் செலேனியா வெளியே பிஸ்கட் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது வாழப்பழம் இல்ல."

"எது?"

"அப்பாவுக்கு ஆனது. உன் வாழப்பழத்தால இல்ல. நான் சுட்டுக் குடுத்ததால. ரெண்டு தண்ணின்னு சொன்னியே, நான் ஒரு தண்ணியிலகூடப் போடல. சத்து போயிடும்னு. அந்தச் சத்துதான் அவருக்கு ஆகாததுன்னு எனக்குத் தெரியல. மேல தூவின உப்பும் அதுதானாம். டாக்டர் எங்கிட்டத் தனியாச் சொன்னாரு. நான் உங்கிட்ட மறச்சேன்."

ஹெனரோசா குழாயைத் திறந்தாள். கையை நனைக்காமலே மூடினாள். வெளியே டொமினோக் காய்களைக் கலைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ ஏன்னு கேட்டே," என்றாள் கடைசியில். "அன்னிக்கு. ஏம்மான்னு கேட்டே."

"ஆமா."

"அந்தப் பேரு எனக்கு வாயில வரல. பொட்டா... பொட்டாசி... நாலு வருஷமாச் சொல்றாங்க, எனக்குத் திரும்பச் சொல்ல வரல. நீ அங்கெல்லாம் இருந்துட்டு வந்தவ. தப்பாச் சொன்னாச் சிரிப்பியோன்னு இருந்துச்சு. அதான் அப்படித்தான்னுட்டேன்."

ஒரு சொல்லின் உச்சரிப்பு அவர்கள் இருவருக்கும் நடுவே நான்கு வாரம் நின்றிருக்கிறது. கடந்துபோக இருவராலும் இயலவில்லை.

"எது அவருக்கு ரொம்பப் பிடிச்சுச்சு?" அம்மா கேட்டாள்.

"என்னம்மா?"

"நீ சுட்டதுல."

"பீட்ரூட்."

"பீட்ரூட்டா!" கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. அது சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை. "நாப்பத்தாறு வருஷம். என் கையால ஒரு துண்டு வாங்கித் தின்னதில்ல அந்த மனுசன்."

முகம் கழுவாமலே அவள் வெளியே போனாள்.

*

நியூயார்க்கிலிருந்து பிளாங்கா ஈரிஸ் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. அப்பாவின் அக்கா. விமான நிலையத்திலிருந்து நேரே வந்தவள், பெட்டியின் மீது விழுந்து அழுது முடித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, துடைத்த கையோடு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்கு எப்போதும் அழுகைக்குப் பின்னால் விசாரணை காத்திருக்கும்.

"போன மாசம் ஃபோன்ல நல்லாத்தானேடி பேசினான். என்ன ஆச்சு? சாப்பாட்டுல ஏதோன்னு வண்டியில சொன்னாங்க. என்ன சாப்பாடு?"

மிக்தாலியா புதிதாக நிரப்பிய காப்பித் தட்டுடன் சமையலறை வாசலில் நின்றாள்.

"ஹெனரோசாவுக்குத்தான் கண்ணு தெரியலையே. அப்ப அடுப்படி யாருகிட்ட?" பிளாங்கா ஈரிஸின் முகவாய் மிக்தாலியாவின் பக்கம் திரும்பியது. "இவகிட்டயா? என்னடி ஆக்கிப் போட்டே என் தம்பிக்கு?"

மிக்தாலியாவின் தொண்டையில் விடை இருந்தது. காலையிலிருந்து அதைத் தேய்த்துத் தேய்த்து அவள் எளிமையாக்கி வைத்திருந்தாள். இனி வாயைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி.

"அவள ஏன் கேக்கறீங்க அண்ணி," என்றாள் அம்மா. "வாழப்பழம். நான்தான் குடுத்தேன்."

"எத்தன?"

"ரெண்டு. முழுசா."

"ஆகாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

காலை முழுவதும் பாதிப் பழத்தின் கதையைக் கேட்டிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லூஸ் செலேனியா எதையோ சொல்ல எழுந்து, பிறகு ஜெபமாலையின் மணிகளை நேராக்கத் தொடங்கினாள். அம்மா தன் கண்ணாடியை மகள் இருந்த திசைக்குத் திருப்பவே இல்லை.

"காப்பி ஆறிடப் போகுது, மிக்தா," என்றாள். "அத்தைக்கு மொதல்ல குடு."

மிக்தாலியா நடந்தாள். அத்தையின் முன்னால் குனிந்து தட்டை நீட்டினாள். பிளாங்கா ஈரிஸ் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சர்க்கர போட்டிருக்கா?"

"போட்டிருக்கு அத்த."

அத்தை ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டாள். ஹெனரோசாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று வைத்திருந்த நாற்காலியைத் தாண்டிப்போய், எதிர்ச் சுவரின் ஓரம் உட்கார்ந்தாள். சற்று நேரம் கழித்து, அம்மாவின் மறுபக்கத்தில் இருந்த பெண்ணும் எதையோ எடுக்கப் போகிறவளைப்போல் எழுந்து போய், எதிர்ப்பக்கமே தங்கிவிட்டாள். அம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு, இரண்டு காலி நாற்காலிகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

தட்டில் இன்னும் ஐந்து கோப்பைகள் இருந்தன. மிக்தாலியா அடுத்த ஆளிடம் போனாள்.